தாம்பாளத்தில் வந்த மிதவைச் சட்டை

கண்ணு,

நேற்று நீ போன் செய்தாய். எப்படி இருக்கிறாய் என்று நான் கேட்பதற்குள் ஆரம்பித்துவிட்டாய். "அம்மா, மாமன் சீர் வெச்ச ரெண்டு பிசிடியையும் எடுத்து வெச்சிரு. ஞாயித்துக்கெழம வந்து வாங்கிக்கறோம். லட்சத்தீவுல அதப் போட்டுட்டுத் தண்ணிக்கடியில ஜோடியா ஒரு போட்டோ எடுத்து மாமனுக்கு அனுப்போணும்" என்றாய். மருமகள் சுகன்யாவுக்கு அது சேரவில்லையே என்றேன். "அட விடும்மா, அவ பழகிக்குவா" என்று சிரித்தாய். அந்தச் சிரிப்பைக் கேட்டதும் நான் போனை வைத்துவிட்டேன். டவர் போய்விட்டது என்று நினைத்திருப்பாய். டவர் நன்றாகத்தான் இருந்தது, எனக்குத்தான் அதற்கு மேல் உன் குரலைக் கேட்கப் பிடிக்கவில்லை. வாயால் சொன்னால் நடுவில் புகுந்து சமாதானம் பேசுவாய். அதில் நீ கெட்டிக்காரன். அதனால் எழுதுகிறேன். நம் குடும்ப வாட்ஸப் குழுவிலும் இதைப் போடப் போகிறேன். கல்யாண மண்டபத்தில் அந்தச் சீரைப் பார்த்துக் கைதட்டியவர்கள் அத்தனை பேரும் அதில்தான் இருக்கிறார்கள். படிக்கட்டும்.

கைதட்டியவர்களில் பாதிப் பேருக்கு அது என்ன சாமான் என்றே தெரியாது, ஆகவே முதலில் அவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். சிலிண்டர் காற்றை வைத்துக்கொண்டு கடலுக்குள் முங்குகிறவர்கள் மேலே போட்டுக்கொள்ளும் கையில்லாத சட்டை அது. டைவிங் பழகியவர்கள் பிசிடி என்பார்கள். சிலிண்டரை முதுகில் பிடித்துக்கொள்வது அதன் ஒரு வேலை. அதற்குள் ஒரு காற்றுப்பை உண்டு. இடது பக்கம் தொங்கும் குழாயில் ஒரு பொத்தானை அமுக்கினால் பைக்குள் காற்று ஏறும், உடம்பு மேலே வரும். இன்னொரு பொத்தானை அமுக்கினால் காற்று வெளியே போகும், உடம்பு கீழே இறங்கும். ஏறாமலும் இறங்காமலும் நடுத் தண்ணீரில் நிற்க வைப்பது அந்தச் சட்டைதான். கடலுக்குள் போகிறவள் உயிரில் ஒரு பங்கு அதன் கையில் இருக்கிறது. இதை நான் புத்தகம் பார்த்துச் சொல்லவில்லை. என்னை லட்சத்தீவுக்குக் கூட்டிப்போய்ப் படகில் உன் பைக்குக் காவல் வைத்துவிட்டு நீ மட்டும் முங்கினாய், ஞாபகம் இருக்கிறதா? அங்கே சொல்லிக்கொடுக்கிறவர் "அம்மா வர்றீங்களா" என்று சும்மா மரியாதைக்குக் கேட்டார், நான் சேலையை மாற்றிக்கொண்டு வந்து நின்றுவிட்டேன். கிணற்று மேட்டிலிருந்து குதித்து வளர்ந்தவளுக்குத் தண்ணீரில் என்ன பயம். அதற்குப் பிறகு வருடம் தவறாமல் போகிறேன். நீ இரண்டு தடவையோடு நிறுத்திக்கொண்டு, போட்டோவை மட்டும் இன்னும் காட்டிக்கொண்டிருக்கிறாய்.

இப்போது சீருக்கு வருவோம். என் அண்ணன், உன் தாய்மாமன், வாளையாரில் லாரி வைத்துப் பிழைப்பவர். அவர் வீட்டுச் சீர் என்றால் ஊரே எட்டிப் பார்க்க வேண்டும் அவருக்கு. மோதிரம், வேட்டி, பட்டுச் சேலை, பழத்தட்டு எல்லாம் வந்தது. கடைசியாக இரண்டு தாம்பாளத் தட்டில், மேளத்தோடு, இரண்டு சிவப்பு மூட்டைகள் வந்தன. தோள்பட்டையில் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்திருந்தார்கள். பெல்ட்டைச் சுற்றி மல்லிகைச் சரம். புது லாரிக்குப் பூசை போடுகிற கை, பழக்கத்தை எங்கே விடும். காந்தலூர் மலையிலிருந்து வந்திருந்த உன் மாமனார், பூண்டு வெள்ளாமை செய்கிற மனுசர், பாவம், என் பக்கத்தில் வந்து மெதுவாக, "சம்மந்தி, இது மருந்தடிக்கிற மிஷினுங்களா?" என்று கேட்டார். மண்டபத்தில் இருந்தவர்களில் யோசித்துப் பேசியவர் அவர் ஒருவர்தான். மற்றவர்கள் எல்லாம் "மாப்பிள்ளையும் பொண்ணும் கடலுக்குள்ள போறாங்களாம், மாமன் அதுக்குக் கோட்டு எடுத்துக் குடுத்திருக்கறாரு" என்று வாயைப் பிளந்துகொண்டிருந்தார்கள். நீ சிரித்துக்கொண்டு வாங்கினாய். கால் தொட்டுக் கும்பிட்டாய். எனக்கு அப்போதே அது சரியாகப் படவில்லை. சுப காரியத்தில் வாய் திறக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அதை எப்படி வாங்கினார் என்று அவரே பந்தியில் உட்கார்ந்து பெருமையாகச் சொன்னாரே, கேட்டாயா? லாரி லோடு இறக்கக் கொச்சிக்குப் போனவர் அப்படியே ஒரு கடைக்குள் நுழைந்திருக்கிறார். கடைக்காரர் மரியாதையாக என்ன அளவு என்று கேட்டிருக்கிறார். "அளவெல்லாம் எதுக்குங்க, இருக்கறதுலயே பெருசக் குடுங்கன்னேன். கல்யாணம் ஆனா ரெண்டு பேருக்கும் ஒடம்பு வெச்சுருமல்லொ" என்றார் உன் மாமன், பாயசத்தை உறிஞ்சிக்கொண்டே. கடைக்காரர் கறுப்பைக் காட்டியிருக்கிறார். உலகத்தில் முக்கால்வாசிச் சட்டை கறுப்புத்தான். சீருக்குக் கறுப்பு ஆகுமா? ஆகாது. அதனால் கடையிலேயே சிவப்பாக இருந்த ஒரே மாடலை, ஒரே அளவில் இரண்டு எடுத்திருக்கிறார். ஒன்றை எடுத்தால் ஒற்றைப்படை, அதுவும் ஆகாது. ஏன் இரண்டும் ஒரே அளவு என்று யாரோ கேட்டதற்கு, "மாத்திப் போட்டுக்கிட்டாலும் பிரச்சனையில்ல பாரு" என்றார். நீ வாசல் நிலை உயரம். சுகன்யா உன் தோளுக்குக் கூட வரமாட்டாள், இடுப்பு ஒரு பிடி. இரண்டு பேருக்கும் ஒரே சட்டை. நம் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடச் சட்டை எடுக்கும்போது வளர்கிற பிள்ளை என்று பெரிதாக எடுத்து, கையை மடித்துவிட்டு அனுப்புவோமே, அந்தப் புத்தி இன்னும் யாருக்கும் போகவில்லை. பள்ளிக்கூடச் சட்டை பெரிதாக இருந்தால் மற்ற பிள்ளைகள் சிரிப்பார்கள், அவ்வளவுதான். இது பெரிதாக இருந்தால் சிரிக்க ஆள் இருக்காது.

அதோடு விட்டாரா? "எத்தனை கிலோ தாங்கும்" என்று கேட்டிருக்கிறார். லாரிக்காரர் கேட்காமல் இருப்பாரா. எது அதிகமாகத் தூக்குமோ அதுதான் உசத்தி என்று அவர் தீர்மானம். இதில் அவரை மட்டும் திட்டிப் பயனில்லை. நம் பக்கம் எல்லாருக்கும் இந்த வியாதி உண்டு. ஐந்து குதிரை மோட்டார் போதும் என்கிற கிணற்றுக்குப் பத்துக் குதிரை போட்டு, கால் மணி நேரத்தில் தண்ணீர் வற்றிச் சேறு இழுத்து, மோட்டாரைக் கருக்கிவிட்டு, கம்பெனி சரியில்லை என்று சொல்கிற ஊர் இது. குளிர்ந்த கடலில் முங்குகிறவர்கள் தடித்த ரப்பர் உடுப்புப் போடுவார்கள், அதை அமுக்க இடுப்பில் ஈயம் நிறையக் கட்டுவார்கள், அந்தப் பாரத்தைத் தாங்க அவர்களுக்குப் பெரிய காற்றுப்பை வேண்டும். லட்சத்தீவுத் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும். மெல்லிசான உடுப்பு, கொஞ்சம் ஈயம், ஒரு அலுமினிய சிலிண்டர். இதற்குச் சின்னப் பை போதும், தாராளமாகப் போதும். தேவைக்கு மேல் பெரிய பை இருந்தால் தண்ணீரில் இழுவை. உள்ளே எங்கேயாவது ஒரு மூலையில் காற்று தங்கும், பொத்தானை அமுக்கினாலும் சட்டென்று வெளியே போகாது. நீ நிற்க வேண்டும் என்று நினைக்கிற இடத்தில் அது உன்னை நிற்க விடாது. தூக்கிக்கொண்டு மேலே போய்விடும். ஆழத்திலிருந்து அப்படிச் சரேலென்று மேலே வந்தால் நுரையீரல் என்ன ஆகும் என்று உனக்கும் வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள். நீ அந்த நேரத்தில் போன் பார்த்துக்கொண்டிருந்திருப்பாய்.

சரி, மாமன் தெரியாமல் செய்தார். நீ? கோயமுத்தூரில் நீச்சல் குளத்துக்குப் பழக்கக் கூட்டிப்போனாயே, நானும் வந்தேனே, அன்று நடந்ததை உனக்கு நினைவுபடுத்துகிறேன். சுகன்யா நீச்சல் பழகியதே போன வருடம்தான். காந்தலூர்க் குளிரில் குளிப்பதற்கே யோசிப்பார்கள், நீச்சலுக்கு அவள் எங்கே போவாள். உனக்காகத்தான் பழகினாள். பயத்தை விழுங்கிக்கொண்டுதான் குளத்தில் இறங்கினாள். சிவப்புச் சட்டையைப் போட்டுப் பட்டையை எல்லாம் கடைசி வரை இழுத்தும் அது அவள் மேல் தொளதொளவென்று தொங்கியது. காற்று ஏற்றியதும் சட்டை மட்டும் மேலே போனது, அவள் கீழேயே இருந்தாள். தோள்பட்டை காதுக்கு வந்துவிட்டது. கழுத்துப் பட்டை மோவாயை நெட்டித் தள்ளியது, வாய் தண்ணீருக்குள் போய்விட்டது. சொல்லிக்கொடுக்கிறவர் ஓடிவந்து தூக்கிப் பிடித்தார். "இது இவங்களுக்கு ரொம்பப் பெருசுங்க, எங்க கிட்ட சின்னது இருக்கு, அதப் போடுங்க" என்றார். பழைய சட்டை, சாயம் போனது. அதைப் போட்டதும் அந்தப் பெண் எப்படி மிதந்தாள், பார்த்தாயா? கையை விட்டுவிட்டு, தலையை நிமிர்த்தி, முதல் தடவையாகச் சிரித்தாள். அப்போது நீ என்ன செய்தாய்? "போதும் போதும், கழட்டு, நம்ம சட்டையிலேயே பழகு" என்று அவளிடமும், "இது மாமன் சீருங்க சார்" என்று அவரிடமும் சொன்னாய். மறுபடியும் அந்தச் சிவப்பை மாட்டிவிட்டாய். மறுபடியும் தண்ணீர் குடித்தாள். இருமி இருமிக் கண் சிவந்து கரையேறினாள். நீ கரையில் நின்று வீடியோ எடுத்தாய்.

துணி மாற்றுகிற அறையில் அவள் என்னிடம் சொன்னதை இப்போது சொல்லிவிடுகிறேன். சொல்ல வேண்டாம் என்றுதான் கேட்டுக்கொண்டாள். "அத்தை, கழுத்த யாரோ புடிச்சு நெரிக்கிற மாதிரி இருந்துச்சு. ஆனா அவங்ககிட்ட சொல்லிராதீங்க. சீர் வெச்ச மாமா மனசு நொந்துரும்னு சொல்றாங்க. நான் எப்படியாச்சும் பழகிக்கிறேன்" என்றாள். கல்யாணமாகி மாதம் ஒன்று ஆகவில்லை. கழுத்து நெரிவதைப் பழகிக்கொள்கிறேன் என்கிறாள். இந்த வார்த்தை எனக்குப் புதிது இல்லை. நம் வீடுகளில் வந்து சேர்ந்த பெண்கள் எல்லாரும் ஒரு காலத்தில் சொன்னதுதான். ஆனால் அவர்கள் தரையில் இருந்தார்கள், மூச்சு விட்டுக்கொண்டே பழகினார்கள். இவள் கடலுக்கடியில் பழக வேண்டும் என்கிறாய். உன்னைப் பெற்றதை நினைத்து நான் வெட்கப்பட்ட நாள் அது. ஒளித்து மறைத்து என்ன, வெட்கமாகத்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம் சொன்னேன். பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல், "சீர் விசயம், நாம தலையிட்டா நல்லாருக்காது" என்றார். அவர் தலையிட்டு எது நல்லாயிருந்தது, தலையிடாமல் எது நல்லாயிருந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நீயோ ஒரு வீடியோவை அனுப்பினாய். எவனோ ஒருவன், முங்கினானோ இல்லையோ, அழகாகத் தாடி வைத்துக்கொண்டு, மேசை மேல் அந்தச் சிவப்புச் சட்டையைப் பரத்தி, எத்தனை பாக்கெட், எத்தனை வளையம் என்று எண்ணிக் காட்டி ஐந்துக்கு ஐந்து நட்சத்திரம் கொடுக்கிறான். பாக்கெட்டுக்குள் என்ன வைக்கப் போகிறாய், வெற்றிலை பாக்கா? அவன் மேசைக்கு அந்தச் சட்டை பொருந்தியிருக்கிறது, உன் பெண்டாட்டிக்குப் பொருந்தவில்லை. இந்த வித்தியாசம் புரியாத ஆளை இன்ஜினியருக்குப் படிக்க வைத்திருக்கிறேன்.

எப்படிப் பார்த்து வாங்க வேண்டும் என்று சொல்கிறேன், காது கொடுத்துக் கேள். இதில் முக்கியமாக இரண்டு விதம் உண்டு. ஒன்று சாதாரணச் சட்டை மாதிரி, காற்று விலாப் பக்கமும் முதுகிலும் சுற்றி ஏறும். தண்ணீருக்கு மேலே தலை நிமிர்ந்து நிற்க அது சுகம், புதிதாகப் பழகுகிறவர்களுக்குத் தைரியம் கொடுக்கும். முழுசாக ஊதினால் விலாவை இறுக்கும், அதுதான் குறை. இன்னொன்றில் காற்று முழுக்க முதுகுப் பக்கம்தான். தண்ணீருக்கு அடியில் மீன் போலப் படுத்துப் போகலாம், வயிறும் நெஞ்சும் இறுக்கமில்லாமல் ஏந்தலாக இருக்கும், ஆனால் மேலே வந்ததும் கொஞ்சம் அதிகமாக ஊதிவிட்டால் முகத்தை முன்னால் தள்ளும். நான் போடுவது இரண்டாவது. அதனால் அவளும் அதையே போட வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். என் பிசிடியை அவளுக்குக் கொடுக்கச் சொல்லி நீ கேட்டாலும் கொடுக்கமாட்டேன். என் தோளுக்கும் என் தொப்பைக்கும் பார்த்து எடுத்தது அது. மாமன் கொடுத்தால் தப்பு, மாமியார் கொடுத்தால் சரி என்று ஆகிவிடாது. பெண்களுக்கென்றே உடல் குட்டையாக, நெஞ்சை ஒட்டி வளைந்து போகிற பட்டையோடு சட்டைகள் வருகின்றன. கடைக்காரர் அதைக் காட்டினால், "அதெல்லாம் வெறும் கலர் வித்தியாசம்" என்று மேதாவித்தனமாகப் பேசாதே. அவள் போட்டுப் பார்க்கட்டும்.

போட்டுப் பார்ப்பது என்றால் கண்ணாடி முன் நின்று திரும்பித் திரும்பிப் பார்ப்பது இல்லை. கடலில் போடப்போகிற அந்த மெல்லிசு உடுப்பை மேலே போட்டுக்கொண்டு, அதற்கு மேல் சட்டையை மாட்ட வேண்டும். பட்டைகளை இறுக்கின பிறகும் இன்னும் கொஞ்சம் இழுக்க மிச்சம் இருக்க வேண்டும். காற்றை முழுசாக ஊதச் சொல். ஊதினபிறகு அவள் ஆழமாக மூச்சு இழுக்கட்டும். நெஞ்சு இறுகினால் வேண்டாம். பிறகு நீ பின்னால் நின்று தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பார். சட்டை மட்டும் காது வரைக்கும் வந்தால் வேண்டாம், அவளும் சேர்ந்து எழும்பினால் சரி. காற்றை வெளியேற்ற இடது குழாயில் ஒரு வழி, தோளில் ஒரு கயிறு, பின்பக்கம் இடுப்புக்குக் கீழே ஒரு கயிறு என்று இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு அவள் கை தானாக அங்கே போகிறதா என்று பார்க்கச் சொல். ஏற்றுகிற பொத்தானும் இறக்குகிற பொத்தானும் தடவிப் பார்த்தாலே வேறு வேறு என்று தெரிய வேண்டும். ஈயத்தைச் சட்டையிலேயே பை வைத்துப் போடுவதாக இருந்தால், ஒரே இழுப்பில் அது கழன்று கையோடு வருகிறதா, அவள் பலத்துக்கு வருகிறதா என்று பார்க்க வேண்டும், உன் பலத்துக்கு இல்லை. இத்தனையையும் பார்த்துவிட்டு, விமானத்திலோ கப்பலிலோ தூக்கிப் போக இலேசாக இருக்கிறதா என்று பார். நிறத்தை அவள் கேட்டால் மட்டும் பேசு. ஞாயிற்றுக்கிழமைக்குள் எதுவும் சரியாக அமையவில்லை என்றால் வாங்கவே வாங்காதே. தீவில் முங்க விடுகிறவர்கள் எல்லா அளவிலும் வாடகைக்கு வைத்திருப்பார்கள். அதில் அவளுக்குச் சேருவதை எடுத்துப் போடுவதில் யாருக்கும் கௌரவம் குறைந்துவிடாது.

இதெல்லாம் உனக்கே தெரியும் என்பதுதான் எனக்கு ஆத்திரம். தெரியாதவன் என்றால் பாவம் என்று விட்டுவிடுவேன். உனக்குப் பிசிடி தெரியும், அவள் பயமும் தெரியும். மாமனிடம் ஒரு வார்த்தை சொல்லத்தான் வாய் வரவில்லை. "மாமா வருத்தப்படுவாரு, அப்பா கோச்சுக்குவாரு, சித்தப்பா என்ன நெனப்பாரு" என்று ஊரில் உள்ள ஆம்பளைகள் மனசெல்லாம் உனக்குக் கண்ணாடிச் சாமான், பக்கத்தில் படுத்திருக்கிறவள் உயிர் மட்டும் எவர்சில்வர் குடம், எங்கே போட்டாலும் உடையாது. இதற்குப் பெயர் மரியாதை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். கோழைத்தனம் என்பதுதான் இதற்குச் சரியான பெயர், கண்ணு. அதைச் சொல்ல உன்னைப் பெற்றவளுக்கு உரிமை இருக்கிறது.

அதனால் நீ சொல்லவேண்டியதை நானே போய்ச் சொன்னேன். இன்று காலை இரண்டு சட்டையையும் அலசிக் காயப்போட்டிருந்த கொடியிலிருந்து எடுத்து, மடித்து, காரில் வைத்துக்கொண்டு வாளையாருக்குப் போனேன். உன் மாமன் லாரி ஷெட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தங்கச்சியைப் பார்த்த சந்தோசத்தில் டீ சொன்னார். காரிலிருந்து நான் எடுத்து வந்ததைப் பார்த்ததும் முகம் மாறியது.

"ஏனுங்ணா, கோவிச்சுக்காதீங்க. அந்தப் புள்ளைக்கு இது சேருலீங்க. கடைல குடுத்து மாத்திக் குடுங்க, இல்லாட்டி நீங்களே வெச்சுக்கங்க" என்றேன்.

"சேருலியா? பெருசாத்தான வாங்குனேன்?"

"அதானுங்ணா. பெருசா இருக்குதுங்க. தண்ணிக்குள்ள கழுத்துக்கு ஏறி வருதுங்க. மூச்சு முட்டுதுங்க அவளுக்கு."

"அதெல்லாம் ஒரு கொழந்த பொறந்தா சரியாப் போயிரும் அம்மிணி" என்றார். வேடிக்கைக்குச் சொல்லவில்லை, நிசமாகவே சொன்னார். நான் மறுபடியும் பொறுமையாக எடுத்துச் சொன்னேன். அவர் எழுந்துவிட்டார். "மேளம் வெச்சு நாலு பேர் முன்னால குடுத்த சீரு. அதத் திருப்பிக் கொண்டாந்து ஷெட்டுல வெக்கறியா? டிரைவருக எல்லாம் பாத்துட்டு நிக்கறாங்க. வெச்சீன்னா இன்னையோட இந்த ஊட்டுக்கும் உனக்கும் ஒண்ணுமில்ல. நாளைக்கு நீ செத்தாக்கூட எங்கூட்லிருந்து கோடி வராது, பாத்துக்க" என்றார்.

உனக்கு அந்த வார்த்தையின் கனம் தெரியுமோ என்னமோ. ஒருத்தி செத்தால் அவள் உடம்பின் மேல் பிறந்த வீட்டார் கொண்டுவந்து போர்த்துகிற புதுச் சேலைதான் கோடி. அது வராத பெண்ணை நாதியற்றவள் என்பார்கள். என் அம்மாவுக்கு அவள் அண்ணன் வந்து போர்த்தும்வரை பிணத்தை எடுக்காமல் ஊரே காத்துக்கொண்டு நின்றது. அதை என் அண்ணன் வாயாலேயே கேட்டேன். சின்ன வயசில் கிணற்றுப் படியில் என் கையைப் பிடித்து இறக்கிவிட்டவர் அவர். அவரை எனக்குப் பிடிக்கும். இத்தனை திட்டினாலும் பிடிக்கும். அவர் அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம்.

"சரிங்ணா, எனக்குக் கோடி வேண்டாங்க. அந்தப் புள்ள உசுரோட கரையேறுனாப் போதுங்க" என்று சொல்லிவிட்டு, இரண்டு சட்டையையும் அவர் நாற்காலி மேல் வைத்துவிட்டு வந்துவிட்டேன். டீ குடிக்கவில்லை. பின்னாலிருந்து கூப்பிடுவார் என்று கார் கதவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். கூப்பிடவில்லை. வழியெல்லாம் அழுதுகொண்டுதான் வந்தேன். வீட்டுக்கு வந்து முகம் கழுவிவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை நீ வந்தால் இங்கே எடுத்துப்போக ஒன்றும் இல்லை. மாமனுக்குப் போன் போட்டுச் சமாதானம் பேசி அதைத் திரும்ப வாங்கி வருகிற வேலை வேண்டாம். அம்மாவுக்குப் புத்தி கெட்டுவிட்டது என்று சொல்லிக்கொள், எனக்கு ஆட்சேபனை இல்லை. எனக்காக யாரிடமும் பரிந்து பேசவும் வேண்டாம், அது உனக்கு வரவும் வராது. சுகன்யாவைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போ. அவள் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கட்டும். நீ வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் நில். காற்றை ஊதினதும் ஒரே ஒரு கேள்வி கேள், "மூச்சு விட முடியுதா?" என்று. உன் முகத்தைப் பார்த்துவிட்டு அவள் முடியுது என்று சொன்னால் நம்பாதே. திரும்பி நின்றுகொண்டு இன்னொரு தடவை கேள்.

அம்மா